வேலூர்க் குழந்தைகள் உலகுக்குச் சொன்னது

2002ஆம் ஆண்டில் வேலூர் நகரின் நெருக்கமான தெருக்களில், பீடி சுற்றியும் கூலி வேலைக்குப் போயும் பிழைக்கும் குடும்பங்களில் பிறந்த குழந்தைகளின் பெயர்கள் ஓர் ஆய்வுப் பதிவேட்டில் ஏறத் தொடங்கின. கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் களப்பணியாளர்கள் வாரத்துக்கு இரண்டு முறை அந்த வீடுகளுக்குப் போனார்கள். பிள்ளைக்கு வயிற்றுப்போக்கு உண்டா என்று விசாரித்துக் குறித்துக்கொண்டார்கள். இரண்டு வாரத்துக்கு ஒரு முறை குழந்தையின் மலத்தைச் சிறு குப்பியில் எடுத்துப்போய்ப் பரிசோதித்தார்கள். பேதி கண்டால் ஒருநாள் விட்டு ஒருநாள் எடுத்தார்கள். ஒவ்வொரு குழந்தைக்கும் மூன்று வயது நிறையும் வரை இந்த வேலை நடந்தது. சேர்ந்தவை 452 குழந்தைகள். மூன்று ஆண்டும் விடாமல் தொடர்ந்தவை 373. வேலை தேடி அடிக்கடி வீடு மாறும் மக்களிடையே இத்தனை பேர் கடைசி வரை நின்றதற்கு, வாசலில் வந்து உட்கார்ந்து பேசிய அந்தப் பணியாளர்கள்மீது தாய்மார்கள் வைத்த நம்பிக்கையைத் தவிர வேறு காரணம் சொல்ல முடியாது.

ரோட்டா வைரஸ் ஒருமுறை தாக்கிவிட்டால் அடுத்த முறை குழந்தை தப்பிக்குமா என்பதுதான் ஆய்வின் கேள்வி. கடும் வயிற்றுப்போக்கைக் கொடுத்து, ஓரிரு நாளிலேயே பிஞ்சு உடம்பின் நீரை வற்றவைக்கும் கிருமி அது. தடுப்பு மருந்து வருவதற்கு முன் இந்தியாவில் ஆண்டுக்கு ஏறத்தாழ 78,000 குழந்தைகள் அதனால் இறந்ததாக மதிப்பிட்டிருக்கிறார்கள். இதே கேள்வியை மெக்சிகோவில் 200 குழந்தைகளைப் பின்தொடர்ந்த ஒரு குழு ஆராய்ந்து 1996இல் விடை வெளியிட்டிருந்தது. இரண்டு முறை தொற்று வந்துபோன குழந்தைக்கு அதன்பின் ரோட்டாவால் கடுமையான வயிற்றுப்போக்கு வரவே இல்லை என்பது அந்த விடை. தடுப்பு மருந்து ஆய்வாளர்களுக்கு அது பெரும் நம்பிக்கை தந்தது.

வேலூர்க் குழந்தைகள் வேறு விடை சொன்னார்கள். ஆறு மாதம் நிறைவதற்குள் 56 சதவீதக் குழந்தைகளை வைரஸ் தொற்றியிருந்தது. வந்தது போனது என்று இல்லாமல் திரும்பத் திரும்பத் தொற்றியது. மூன்று முறை தொற்று கண்ட பிறகும் கடும் நோயிலிருந்து கிடைத்த பாதுகாப்பு 79 சதவீதம்தான். மருத்துவர் ககன்தீப் காங் முன்னின்று நடத்திய இந்த ஆய்வு 2011இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் இதழில் வந்தது. செலவைக் கொடுத்தது பிரிட்டனின் வெல்கம் அறக்கட்டளை.

மெக்சிகோ ஆய்வில் பிழை எதுவும் இல்லை. அங்கே உள்ள வீடு, தண்ணீர், ஜன நெருக்கம், சுற்றிவரும் வைரஸ் வகை எல்லாம் வேறு, இங்கே வேறு. அங்கே கிடைத்த எண்ணை அப்படியே இங்கே எடுத்துப் பொருத்தியிருந்தால், ஒரு மருந்து நம் பிள்ளைகளை எவ்வளவு காக்கும் என்று நாம் தப்பாகக் கணக்குப் போட்டிருப்போம்.

எல்லாமே ஊருக்கு ஊர் மாறும் என்று இதிலிருந்து முடிவு கட்டிவிடவும் முடியாது. உலக சுகாதார நிறுவனம் 1997 முதல் 2003 வரை பிரேசில், கானா, இந்தியா, நார்வே, ஓமன், அமெரிக்கா ஆகிய ஆறு நாடுகளில் சுமார் 8,500 குழந்தைகளை அளந்தது. தாய்ப்பாலும் நல்ல பராமரிப்பும் கிடைத்தால் டெல்லிக் குழந்தையும் ஆஸ்லோக் குழந்தையும் ஐந்து வயது வரை ஏறக்குறைய ஒரே மாதிரிதான் உயருகின்றன என்று அது கண்டது. ‘நம்ம ஊர்ப் பிள்ளைகள் சின்ன உருவம்தான்’ என்று காலங்காலமாகச் சொல்லிவந்த சமாதானம் அதோடு செல்லாமல் போனது. இன்று அங்கன்வாடியில் எடை போட்டதும் பணியாளர் குறிக்கும் வளர்ச்சிக் கோடுகள், 2006இல் வெளிவந்த அந்த ஆறு நாட்டு ஆய்வின் பயன்.

எது எல்லாப் பிள்ளைகளுக்கும் பொது, எது இந்த மண்ணுக்கு மட்டும் உரியது என்பது, வீடு வீடாகப் போய்ப் பல ஆண்டு பார்த்தால் ஒழியத் தெரியாது. அப்படிப் பார்க்க ஆள் வேண்டும், பல துறை அறிவு வேண்டும், பணம் வேண்டும். குழந்தைப் பருவ ஆராய்ச்சி என்றால் ஏதோ மருத்துவமனைக்குள் நடக்கும் காரியம் என்று நினைப்பவர்கள் அதிகம். பிறப்பு முதல் எட்டு வயது வரை என்று இத்துறை வகுத்துக்கொண்டிருக்கும் காலத்துக்குள் சத்துணவு, தொற்றுநோய், மூளை வளர்ச்சி, மொழி, விளையாட்டு, தாயின் மனநலம், குடும்ப வருமானம், பள்ளி எல்லாம் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. மருத்துவர் ஒருவரோ பொருளியலாளர் ஒருவரோ தனியாக அவிழ்த்துவிட முடியாத முடிச்சு. கூட்டாளிகளைத் தேடுவது இத்துறையில் தவிர்க்க முடியாத தேவை.

ரோட்டா கதையின் அடுத்த பாகமே இதற்கு நல்ல சாட்சி. 1985-86இல் டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையில் பிறந்த சில குழந்தைகளிடம் ரோட்டா வைரஸ் இருந்தது. ஆனால் நோய் இல்லை. அந்தச் சாதுவான வகைக்கு 116இ என்று பெயரிட்டார்கள். மருத்துவர் எம்.கே. பான் அதை விடாமல் பிடித்துக்கொண்டார். மத்திய அரசின் உயிரித்தொழில்நுட்பத் துறை, அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனம், அங்குள்ள நோய்த் தடுப்பு மையம், ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகம், பாத் என்னும் தொண்டு நிறுவனம், ஹைதராபாத்தின் பாரத் பயோடெக் என்று கூட்டாளிகள் சேர்ந்தார்கள். டெல்லி, புனே, வேலூர் ஆகிய மூன்று இடங்களில் 6,799 குழந்தைகளிடம், அந்த வகையிலிருந்து செய்த தடுப்பு மருந்தின் இறுதிக் கட்டச் சோதனை நடந்தது. கடும் ரோட்டா வயிற்றுப்போக்கைப் பாதிக்குச் சற்று மேலாகத் தடுத்தது என்று 2014இல் முடிவு வந்தது. 2016இல் நான்கு மாநிலங்களில் அரசின் தடுப்பூசித் திட்டத்தில் ரோட்டாவாக் சொட்டு மருந்தாக அது நுழைந்தது. ஒரு குப்பியில் கண்ட கிருமி, மருந்தாகி ஏழைக் குழந்தையின் வாய்க்கு வந்து சேர முப்பது ஆண்டு. இத்தனை காலமும் முழுச் செலவையும் ஒரே ஒருவர் தாங்கியிருக்க முடியாது.

வேலூரில் அதற்குள் அடுத்த ஆய்வும் தொடங்கியிருந்தது. மால்-எட் என்பது அதன் சுருக்கப் பெயர். ஊட்டச்சத்துக் குறைவையும் குடல் தொற்றையும் சேர்த்து ஆராய, 2009இல் எட்டு நாடுகளில் எட்டு இடங்களைத் தேர்ந்தார்கள். டாக்கா, வேலூர், நேபாளத்தின் பக்தபூர், பாகிஸ்தானின் நௌஷாரோ ஃபெரோஸ், பிரேசிலின் ஃபோர்த்தலேசா, பெருவின் லொரேத்தோ, தென்னாப்பிரிக்காவின் வெண்டா, தான்சானியாவின் ஹைடோம். இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள். எல்லா ஊரிலும் ஒரே படிவம், ஒரே அளவுகோல், ஒரே ஆய்வக முறை. பணத்தின் பெரும்பகுதி கேட்ஸ் அறக்கட்டளையிடமிருந்து வந்தது.

இந்த ஆய்விலிருந்து வெளிவந்த ஒரு முடிவை ஒவ்வொரு தாயும் தெரிந்துகொள்ள வேண்டும். வயிற்றுப்போக்கு இல்லாமல், பார்க்க ஆரோக்கியமாக இருக்கும் குழந்தையின் குடலிலும் கிருமிகள் குடியிருக்கக்கூடும். அப்படி இருந்த குழந்தைகளின் உயரம் குறைந்துபோயிருந்தது. சோறு ஊட்டியும் பிள்ளை தேறவில்லையே என்று தாயைக் குறை சொல்லும் வழக்கம் நம் வீடுகளில் உண்டு. குறை அவளிடம் இல்லாமல் தெருக் குழாயிலும் சாக்கடையிலும் இருக்கலாம் என்பதற்கு இப்போது எட்டு நாட்டுச் சான்று இருக்கிறது. வேலூரின் அந்தக் குழந்தைகளை மருத்துவர் பீனா கோஷியும் அவருடைய குழுவினரும் ஐந்து வயதிலும் ஒன்பது வயதிலும் மறுபடி சந்தித்து, சிறு வயதில் உயரம் குன்றியதற்கும் பிறகு பள்ளி வயதில் காணும் அறிவுத்திறனுக்கும் உள்ள தொடர்பை ஆராய்ந்திருக்கிறார்கள்.

மறுபடி சந்திப்பதுதான் இத்துறையின் கடினமான பகுதி. நிதி நிறுவனங்கள் பெரும்பாலும் மூன்று ஆண்டு, மிஞ்சினால் ஐந்து ஆண்டுக்குப் பணம் தருகின்றன. குழந்தை வளர இருபது ஆண்டு வேண்டும். இந்த இடைவெளியைத் தாண்டிய ஆய்வுகள் குறைவு. அவற்றில் ஜமைக்கா ஆய்வுக்குத் தனி இடம் உண்டு.

1986-87இல் கிங்ஸ்டன் நகரின் ஏழைக் குடியிருப்புகளில், வயதுக்கேற்ற உயரம் இல்லாத 129 குழந்தைகளை மருத்துவர் சாலி கிரந்தம்-மெக்ரிகரின் குழு தேர்ந்தெடுத்தது. எல்லாருக்கும் ஒன்று முதல் இரண்டு வயதுக்கு அக்கம்பக்கம். அவர்களை நான்கு பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவுக்கு வாரம் ஒரு கிலோ பால்மாவு. இன்னொரு பிரிவின் வீட்டுக்கு வாரம் ஒரு மணி நேரம் ஊர்ச் சுகாதாரப் பணியாளர் போவார். கழித்துப்போட்ட டப்பா, அட்டை, துணி இவற்றால் செய்த பொம்மைகளை வைத்துத் தாயோடும் பிள்ளையோடும் விளையாடுவார்; பிள்ளையிடம் எப்படிப் பேசுவது, எதைக் காட்டிப் பெயர் சொல்வது என்று தாய்க்குப் பழக்குவார். மூன்றாம் பிரிவுக்கு இரண்டும். நான்காம் பிரிவுக்கு வழக்கமான மருத்துவ வசதி மட்டும். இரண்டு ஆண்டில் திட்டம் முடிந்தது.

ஆனால் ஆய்வாளர்கள் அந்தப் பிள்ளைகளை விட்டுவிடவில்லை. ஏழு வயதில், பதினொன்றில், பதினேழில், இருபத்திரண்டில் தேடித் தேடிப் போனார்கள். இருபத்திரண்டு வயதில் 105 பேரைக் கண்டுபிடித்துவிட்டார்கள், வெளிநாடு போனவர்கள் உட்பட. இந்தக் கட்டத்தில் பொருளியலாளர்கள் பால் கெர்ட்லரும் நோபல் பரிசு பெற்ற ஜேம்ஸ் ஹெக்மேனும் மருத்துவர்களோடு சேர்ந்தார்கள். குழந்தையாக இருந்தபோது வீட்டுக்கு ஆள் வந்து விளையாடிய பிரிவினரின் சம்பாத்தியம் மற்றவர்களைவிட 25 சதவீதம் அதிகம் என்று 2014இல் சயின்ஸ் இதழில் எழுதினார்கள். பால்மாவு மட்டும் வாங்கிய பிரிவில் இப்படி நீடித்த பலன் தெரியவில்லை. மேற்கிந்தியப் பல்கலைக்கழகத்தின் ஊட்டச்சத்து ஆய்வாளர்கள் இருபது ஆண்டுக்கு முன் எழுதிவைத்த பதிவேடுகள் பத்திரமாக இருந்ததால்தான், அப்போது யாரும் நினைத்துப் பார்க்காத ஒரு பொருளாதாரக் கேள்விக்கு விடை கிடைத்தது.

வீட்டுக்குப் போய் விளையாடும் இந்த ஜமைக்கா முறை வங்கதேசம், கொலம்பியா, ஒடிசாவின் கட்டாக் நகரம் என்று பல இடங்களுக்குப் போனது. கட்டாக்கின் குடிசைப் பகுதிகளில் 421 குழந்தைகளிடம் செய்து பார்த்தபோது அறிவுத்திறன் மேம்பட்டது. கொலம்பியாவில் தொடக்கத்தில் தெரிந்த பலன், திட்டம் முடிந்து இரண்டு ஆண்டு கழித்துப் பார்த்தபோது காணாமல் போயிருந்தது. இந்த ஏமாற்றத்தையும் அவர்கள் மறைக்காமல் அச்சிட்டார்கள். ஓர் ஊரில் வேரூன்றியது இன்னோர் ஊரில் ஏன் கருகியது என்று அடுத்து வருபவர் கேட்க அது வழிவிடுகிறது.

தமிழ்நாட்டுக்கு இத்துறையில் நீண்ட கொடிவழி உண்டு; அதை நாமே மறந்துவிட்டோம். 1972இல் பள்ளிக்கு முந்தைய வயதுக் குழந்தைகள் பற்றி மத்திய அரசுக்கு அறிக்கை கொடுத்த ஆய்வுக் குழுவுக்குத் தலைவர் மீனா சுவாமிநாதன். வேளாண் விஞ்ஞானி எம்.எஸ். சுவாமிநாதனின் மனைவி, தமிழ் வாசகர்கள் அறிந்த எழுத்தாளர் கிருத்திகாவின் மகள். உணவு, உடல்நலம், விளையாட்டுக் கல்வி மூன்றையும் பிரிக்காமல் ஒரே இடத்தில் தரவேண்டும் என்ற சிந்தனை அந்தக் காலத்தில்தான் உருத் திரண்டது. 1975 அக்டோபர் 2ஆம் தேதி நாட்டின் 33 வட்டாரங்களில் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் தொடங்கியது. நாம் அங்கன்வாடி என்றும் பால்வாடி என்றும் சொல்வது அதைத்தான். 1980இல் உலக வங்கிக் கடனோடு தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் வந்தது. ஆறு மாதம் முதல் மூன்று வயது வரையுள்ள குழந்தைகளை மாதந்தோறும் எடை போட்டு, எடை ஏறாத பிள்ளைக்கு மட்டும் கூடுதல் உணவு தந்து, ஏறியதும் நிறுத்தும் முறை அது. 1982இல் எம்.ஜி.ஆரின் சத்துணவுத் திட்டம். இப்போது மாநிலத்தில் ஐம்பத்து நாலாயிரத்துக்கும் மேற்பட்ட அங்கன்வாடி மையங்கள் இருக்கின்றன.

அங்கன்வாடிக்கு ஒருமுறையாவது போனவர்களுக்கு அங்குள்ள சிரமம் தெரியும். ஒரே பணியாளர். அவரேதான் பிள்ளைகளுக்குப் பாட்டும் எண்ணும் சொல்லித்தர வேண்டும், எடை போட வேண்டும், கர்ப்பிணிகளைப் பார்க்க வேண்டும், சத்துமாவுக் கணக்கு எழுத வேண்டும், பதிவேடுகளை நிரப்ப வேண்டும், கூட்டத்துக்கும் போக வேண்டும். இதில் பாட்டும் எண்ணும்தான் எப்போதும் அடிபட்டுப் போகும்.

கூடுதலாக ஒரு ஆளைப் பாதி நேரத்துக்கு மட்டும் வைத்தால் என்ன ஆகும்? இதைப் பொருளியலாளர்கள் அலெஹாந்த்ரோ கனிமியன், கார்த்திக் முரளிதரன், கிறிஸ்டோபர் வால்டர்ஸ் மூவரும் தமிழ்நாட்டிலேயே சோதித்தார்கள். நான்கு மாவட்டங்களில் 320 மையங்களை எடுத்துக்கொண்டு, குலுக்கல் முறையில் அவற்றில் பாதி மையங்களுக்கு மட்டும், பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பதற்கென்றே ஒருவரைப் பாதி நேரப் பணியில் சேர்த்தார்கள். பிள்ளைகள் கற்கும் நேரம் இரு மடங்கானது. பதினெட்டு மாதம் கழித்துச் சோதித்தபோது, அந்த மையங்களின் பிள்ளைகள் மற்ற மையங்களின் பிள்ளைகளைவிட மொழியில் 0.46 திட்ட விலக்கமும் கணிதத்தில் 0.29 திட்ட விலக்கமும் முன்னேறியிருந்தார்கள். புள்ளியியல் பழக்கமில்லாதவர்களுக்கு இப்படிச் சொல்லலாம். நூறு பிள்ளைகளை மதிப்பெண்படி வரிசையில் நிறுத்தினால், நட்டநடுவில் ஐம்பதாவதாக நின்ற பிள்ளை மொழியில் ஏறக்குறைய முப்பத்திரண்டாவது இடத்துக்கு வந்துவிட்டது.

அதைவிட முக்கியமானது இன்னொன்று. புதிய ஆள் சேர்ந்ததால் பழைய பணியாளருக்கு உடல்நலம், ஊட்டச்சத்து வேலைகளுக்கு நேரம் கிடைத்தது. அந்த மையங்களில் உயரக் குறைவும் கடும் ஊட்டச்சத்துக் குறைவும்கூட மற்ற மையங்களைவிடக் குறைவாக இருந்தன. செலவைவிடப் பலன் பல மடங்கு என்று கணக்கிட்ட இந்த ஆய்வு 2024இல் ஜர்னல் ஆஃப் பொலிடிகல் எகானமியில் வந்தது. மாநில அரசு தன் மையங்களின் கதவைத் திறந்துவிட்டதால் மட்டுமே இது சாத்தியமானது. சான்று நம் கையில் இருக்கும்போது, அந்தப் பாதி நேரப் பணியிடம் எல்லா மையங்களுக்கும் இன்னும் வராமல் இருப்பது வருத்தம் தருகிறது.

இப்படி ஒரு கேள்வியோடு திருநெல்வேலியிலோ தருமபுரியிலோ ஒரு கல்லூரி ஆசிரியர் இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். மனையியல் துறையோ, உளவியலோ, சமூகப் பணியோ. அவர் பணத்துக்கு எங்கே போவது?

உள்நாட்டில் வழிகள் உண்டு. குழந்தையின் உடல்நலம் சார்ந்த கேள்வி என்றால் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம். சமூகம், கல்வி, குடும்பம் சார்ந்தது என்றால் இந்திய சமூக அறிவியல் ஆராய்ச்சிக் கழகம். அது சிறிய திட்டங்களுக்கும் பெரிய திட்டங்களுக்கும் தனித்தனியே நல்கை தருகிறது. உயிரித்தொழில்நுட்பத் துறையும் வெல்கம் அறக்கட்டளையும் சேர்ந்து நடத்தும் இந்தியா அலையன்ஸ், தனி ஆய்வாளர்களுக்குப் பல ஆண்டு உதவித்தொகை வழங்குகிறது. 2023ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவான அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளை, பழைய அறிவியல் பொறியியல் ஆராய்ச்சி வாரியத்தின் இடத்துக்கு வந்திருக்கிறது. மாணவர்களின் சிறு ஆய்வுகளுக்குத் தமிழ்நாடு மாநில அறிவியல் தொழில்நுட்ப மன்றம் இருக்கிறது. வெளியே பார்த்தால், நெதர்லாந்தின் வான் லீர் அறக்கட்டளை பல பத்தாண்டுகளாகச் சிறு குழந்தைகளுக்காகவே இயங்குகிறது. சுவிட்சர்லாந்தின் ஜேக்கப்ஸ் அறக்கட்டளை, குழந்தைகளின் கற்றலை ஆராயும் இளம் ஆய்வாளர்களுக்கு உதவித்தொகை தருகிறது. கிராண்ட் சேலஞ்சஸ் கனடா, பிஞ்சு மூளையின் வளர்ச்சிக்கென்றே 2011 முதல் ஒரு திட்டம் வைத்து ஏழை நாடுகளின் புது யோசனைகளுக்கு நிதி தந்திருக்கிறது.

பணம் வருவது வேறு, வந்த பணத்தை முறையாகச் செலவழிப்பது வேறு. உடல்நல ஆய்வுக்கு வெளிநாட்டு நிதியோ கூட்டோ இருந்தால் சுகாதார அமைச்சகத்தின் தனிக் குழு அனுமதி தர வேண்டும். வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தில் 2020இல் செய்த திருத்தத்துக்குப் பிறகு, வெளிப்பணம் பெற்ற ஒரு தொண்டு நிறுவனம் அதை இன்னொரு நிறுவனத்துக்கு மாற்றிக்கொடுக்க முடியாது. நிர்வாகச் செலவும் 20 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. முன்பெல்லாம் பெரிய நிறுவனம் ஒன்று நிதி பெற்று, கிராமத்தில் வேலை செய்யும் சிறிய அமைப்புகளுக்குப் பிரித்துக்கொடுத்துக் கூட்டாக ஆய்வு நடத்தும். அந்த வழி அடைபட்டதில் அதிகம் இழந்தவை களத்துக்கு மிக அருகில் இருந்த சின்ன அமைப்புகள்தான்.

குழந்தைகள் என்பதால் கூடுதல் பொறுப்பும் உண்டு. நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் இல்லாமல் ஒரு குழந்தையின் எடையைக்கூட ஆய்வுக்காக எடுக்கக்கூடாது. பெற்றோரிடம் அவர்கள் பேசும் தமிழில் விளக்கிச் சம்மதம் வாங்க வேண்டும். மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 வழிகாட்டுதல்படி, ஏழு வயது தாண்டிய பிள்ளையிடம் தனியே இசைவு கேட்க வேண்டும். பிள்ளை தலையை ஆட்டி மறுத்தால் அதற்கும் மதிப்பு உண்டு.

வெளிநாட்டு நிதியை மட்டும் நம்பி நிற்பது எவ்வளவு ஆபத்து என்பதை 2025 காட்டிவிட்டது. வெளிநாடுகளுக்கு உதவி தந்துவந்த அமெரிக்காவின் யுஎஸ்எய்டு நிறுவனம் மூடப்பட்டது. அதன் பணத்தில் பல பத்தாண்டுகளாகப் பல நாடுகளில் தாய்சேய் நலக் கணக்கெடுப்புகளுக்குத் துணைநின்ற டிஎச்எஸ் திட்டம் பிப்ரவரியில் நின்றுபோனது. அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனம், அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் வழியாக வெளிநாட்டுக் கூட்டாளிகளுக்குப் போகும் துணை நல்கைகளை மே மாதத்தில் நிறுத்திவைத்தது. பிரிட்டனும் தன் வெளிநாட்டு உதவியை மேலும் குறைக்கப்போவதாக அறிவித்தது. பாதி வளர்ந்த குழந்தைகளோடு பாதியில் நிற்கும் ஆய்வு என்பது பண நஷ்டம் மட்டும் இல்லை. அந்த வயது திரும்பி வராது. அந்த அளவீட்டை யாராலும் பிறகு எடுக்க முடியாது.

கூட்டு முயற்சி என்ற பெயரில் நடக்கும் ஓர் அநியாயத்தையும் சொல்லியாக வேண்டும். வெளிநாட்டுப் பேராசிரியர் கேள்வியைத் தீர்மானித்து, இங்கே உள்ளவர்கள் வெயிலில் அலைந்து தகவல் சேகரித்து, கட்டுரை அங்கே எழுதப்பட்டு, இங்கே உழைத்தவர் பெயர் நன்றியுரையில் ஒரு வரியாகச் சுருங்குவது உலகம் முழுக்க நடந்திருக்கிறது. விமானத்தில் வந்து இறங்கி, தகவலை அள்ளிக்கொண்டு பறந்துவிடும் இதற்கு ஹெலிகாப்டர் ஆராய்ச்சி என்றே பெயர் விழுந்துவிட்டது. வேலூரின் வலிமை என்னவென்றால், அங்கே ஆய்வகம், களப்பணியாளர், தகவல் தொகுப்பு, கேள்வி கேட்கும் மூளை நான்கும் உள்ளூரிலேயே இருந்தன. ஒப்பந்தம் எழுதும்போதே தகவல் யாருடைய பொறுப்பில் இருக்கும், கட்டுரையில் முதல் பெயர் யாருடையது, பணம் முடிந்த பிறகு களப்பணியாளரின் கதி என்ன என்பதைப் பேசிவிடுவது நம் ஆசிரியர்களுக்கு நல்லது. கேட்பதில் கூச்சம் வேண்டாம்.

பெரும் பணம் இல்லாமலும் பெரிய வேலை செய்யலாம் என்பதற்கு மெனிபேபீஸ் என்ற கூட்டமைப்பு இருக்கிறது. ஒவ்வோர் ஆய்வகமும் தன்னிடம் உள்ள இருபது முப்பது குழந்தைகளை மட்டும் வைத்து முடிவு சொல்லிக்கொண்டிருந்த நிலையை மாற்ற, 67 ஆய்வகங்கள் ஒரே சோதனையை ஒரே முறையில் நடத்திச் சேர்த்தன. கொஞ்சும் குரலில் பேசினால் குழந்தை கூடுதலாகக் கவனிக்கிறதா என்பது கேள்வி. 2,329 குழந்தைகள் பங்கேற்றார்கள். கவனிக்கின்றன என்று 2020இல் உறுதியாயிற்று.

ஆனால் அந்த ஆய்வகங்களில் பெரும்பாலானவை பணக்கார நாடுகளில் இருந்தவை. குழந்தை மொழி ஆராய்ச்சியின் நான்கு முக்கிய இதழ்களை 2022இல் இருவர் அலசிப் பார்த்தார்கள். நாற்பத்தைந்து ஆண்டுக் கட்டுரைகளில் இடம்பெற்ற மொழிகள் சுமார் 103. உலகில் உள்ள ஏழாயிரத்தில் நூற்றுக்கு ஒன்றரை. தமிழ்க் குழந்தை வினைமுற்றை எப்போது பிடிக்கிறது, ‘வா’விலிருந்து ‘வந்துட்டாங்க’வுக்கு எப்படி ஏறுகிறது, வீட்டில் தமிழும் பள்ளியில் ஆங்கிலமும் கேட்கும் பிள்ளைக்கு என்ன நடக்கிறது என்பதெல்லாம் ஆய்வு காத்துக்கிடக்கும் நிலங்கள். 1984இல் தொடங்கிய சைல்ட்ஸ் என்னும் உலகப் பொதுத் தொகுப்பில் தமிழ்க் குழந்தை ஒன்றின் பேச்சுப் பதிவும் இருக்கிறது. அதைத் தொகுத்தவர்களில் ஒருவர் ஆர். நரசிம்மன், இந்தியாவின் முதல் கணினிகளில் ஒன்றான டிஃப்ராக்கை மும்பை டாட்டா ஆராய்ச்சி நிறுவனத்தில் உருவாக்கிய குழுவுக்குத் தலைமை தாங்கியவர். கணினியைக் கட்டிய மனிதர், குழந்தை எப்படிப் பேசக் கற்கிறது என்று உட்கார்ந்து கேட்டார். அவருக்குப் பின் வந்தவர்கள் மிகக் குறைவு.

குழந்தையின் பேச்சைப் பதிவுசெய்ய ஒரு கைப்பேசியும், பொறுமையும், பெற்றோரின் சம்மதமும் போதும். மால்-எட் ஆய்வின் தகவல்களும் பொதுவில் திறந்து கிடக்கின்றன. வேலூர் உட்பட எட்டு ஊர்க் குழந்தைகளின் விவரங்களை ஒரு முதுகலை மாணவி தன் கல்லூரியிலிருந்தே எடுத்து ஆராயலாம். ஆந்திரா, தெலங்கானாவில் ஏறத்தாழ 3,000 பிள்ளைகளை 2002 முதல் தொடர்ந்துவரும் ஆக்ஸ்ஃபோர்டின் யங் லைவ்ஸ் ஆய்வின் தகவல்களும் ஆய்வாளர்களுக்குக் கிடைக்கும். முதல் நல்கைக்கு விண்ணப்பிக்கும்போது, இப்படி ஏற்கெனவே இருப்பதை வைத்துச் செய்த ஒரு நல்ல கட்டுரை கையில் இருந்தால் நடுவர் குழு நின்று படிக்கும்.

இன்னும் பெரிதாக நினைக்கவும் தமிழ்நாட்டுக்குத் தகுதி இருக்கிறது. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி இங்கே ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 25 சதவீதம் பேர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள். அகில இந்திய அளவில் இது 35.5. நாட்டின் சராசரியைவிட முன்னே நிற்கிறோம். ஆனாலும் நால்வரில் ஒரு குழந்தை பின்தங்கி நிற்கிறது. ஏன் என்பதற்கான விடை நீலகிரியில் ஒன்றாகவும் ராமநாதபுரம் கடற்கரையில் இன்னொன்றாகவும் இருக்கக்கூடும். நீலகிரி, ராமநாதபுரம், தஞ்சை டெல்டா, வடசென்னை என்று நான்கு இடங்களில் பிறந்த குழந்தைகளை இருபது ஆண்டு தொடரும் ஆய்வு ஒன்றை மாநில அரசே தொடங்கலாம். மருத்துவக் கல்லூரிகளும் கோவை அவினாசிலிங்கம் போன்ற மனையியல் நிறுவனங்களும் அருகருகே இருக்கும் மாநிலம் இது. 2021 முதல் அங்கன்வாடிகளில் கைப்பேசிச் செயலி வழியாக மாதந்தோறும் பதிவாகும் எடையையும் உயரத்தையும், பெயர் நீக்கி ஆய்வாளர்களுக்குத் தந்தால் பாதி அடித்தளம் தயார். முதல் பத்து ஆண்டுக்கான களச் செலவை அரசு ஏற்றுக்கொண்டால், ஆய்வகச் செலவுக்கு உள்நாட்டு, வெளிநாட்டு நிதியாளர்களை அழைக்கும்போது நிபந்தனைகளை நாம் எழுதலாம். தாய்ப்பால், எடை, தொற்று பற்றிய முதல் முடிவுகள் மூன்றாம் ஆண்டிலேயே வந்துவிடும். பேச்சும் எண்ணறிவும் பற்றியவை ஐந்தாம் ஆண்டில்.